ஒரே பேட்ச்சாக நிற்க விடுங்கள்: என்சிஏஏ தலைமைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் சார்லி பேக்கர் அவர்களும் முதற்பிரிவு நிர்வாகக் குழு உறுப்பினர்களும்,
தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்சிஏஏ), இண்டியானாபொலிஸ்.

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். ஒஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் தமிழன் நான். அமெரிக்கக் கால்பந்தை நான் விளையாடியதில்லை. இந்த ஊருக்கு வந்த பிறகே அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். என் மகள் 2021ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். அதே ஆண்டு அதே பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்கெனச் சேர்க்கப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட இளைஞர்களை அவள் வீட்டில் 'எங்க பேட்ச்' என்றே சொல்வாள். அவர்களில் ஒருவரோடும் அவள் பேசியதில்லை. ஆனாலும் ஒரே ஆண்டில் ஒரே வளாகத்துக்குள் நுழைந்தவர்கள் என்ற உரிமை அந்தச் சொல்லில் இருந்தது. ஒருசாலை மாணாக்கர் என்று எங்கள் பழைய நூல்கள் சொல்லும் உறவு அது.

அந்த உறவைப் பற்றித்தான் இந்த மடல். இதன் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரும் இப்போது விளையாட்டு உதவித்தொகையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் நாளை கையெழுத்திடப் போகும் தாளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த சில ஆண்டுகளில் நீங்களும் நீதிமன்றங்களும் சேர்ந்து, ஒரு வீரர் ஓர் அணியை விட்டுப் போவதற்கான வழியை நியாயமாகவே அகலப்படுத்தினீர்கள். ஒன்றாகச் சேர்ந்த மாணவர்கள் ஒன்றாகவே இருந்து படிப்பையும் ஆட்டத்தையும் முடிக்க விரும்பினால், அதற்கான வழியையும் அதே அக்கறையோடு அமைத்துத் தர வேண்டும் என்று கேட்கிறேன்.

2021 பேட்ச்சை எடுத்துப் பேசுவது என் ஊர்ப் பெருமைக்காக மட்டும் இல்லை. கல்லூரி விளையாட்டின் பழைய உலகம் முடிந்து புதிய உலகம் தொடங்கிய வாசலில் சரியாக வந்து நின்றவர்கள் அவர்கள். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் முதல் 2021 மே இறுதி வரை, பயிற்சியாளர்கள் மாணவர்களை நேரில் சந்திப்பதையும் வளாகத்துக்கு அழைப்பதையும் நீங்கள் நிறுத்தி வைத்திருந்தீர்கள். ஆகவே அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பயிற்சியாளரின் முகத்தைக் கணினித் திரையில் பார்த்தே முடிவெடுத்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஜே.டி. டுய்மோலோவாவ் மட்டும், நேரில் பார்க்காமல் கையெழுத்திட மாட்டேன் என்று காத்திருந்து, வளாகங்களைச் சென்று பார்த்த பிறகு 2021 ஜூலை 4 அன்று ஒஹாயோ ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்தார். அதே மாநிலத்திலிருந்து எமேக்கா எக்புகா வந்தார். வர்ஜீனியாவிலிருந்து ட்ரெவியான் ஹென்டர்சனும் டைலீக் வில்லியம்ஸும், டெக்சஸிலிருந்து டானவன் ஜாக்சனும், அரிசோனாவிலிருந்து டென்சல் பர்க்கும், ஜார்ஜியாவிலிருந்து ஜோர்டன் ஹான்காக்கும் வந்தார்கள். ஜாக் சாயர் கொலம்பஸை ஒட்டிய பிக்கரிங்டன் ஊர்க்காரர்; 2019லேயே வாக்குக் கொடுத்து, இந்த பேட்ச்சின் முதல் ஆளாக நின்றவர்.

அந்த 2021ஆம் ஆண்டிலேயே மூன்று காரியங்கள் நடந்தன. ஒரு முறை வேறு கல்லூரிக்கு மாறுபவர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியதில்லை என்று ஏப்ரலில் நீங்கள் விதியை மாற்றினீர்கள். ஜூன் 21 அன்று, வீரர்களுக்கான கல்விச் சலுகைகளுக்கு நீங்கள் வைத்திருந்த வரம்பைப் பற்றிய ஆல்ஸ்டன் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக உங்கள் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயர், உருவம், சாயல் ஆகியவற்றைக் கொண்டு பணம் ஈட்டலாம் என்றானது. ஆக, இவர்கள் கல்லூரியில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட உலகம் வேறு, முதல் ஆட்டம் ஆடிய உலகம் வேறு.

அந்த மூன்று மாற்றங்களையும் நான் வரவேற்கிறேன். லட்சம் பேர் அமரும் அரங்கம், கோடிக்கணக்கான டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தம், பயிற்சியாளருக்குப் பல மில்லியன் சம்பளம் என்று இருக்கையில், அத்தனைக்கும் உடலைக் கொடுத்த பிள்ளைக்குப் படிப்புச் செலவும் சாப்பாடும் போதும் என்பது அநியாயமாக இருந்தது. பயிற்சியாளர் நினைத்தால் ஓர் இரவில் வேறு கல்லூரிக்குப் போகலாம், மாணவர் போனால் ஓராண்டு தண்டனை என்பதும் அப்படித்தான். அந்த நாட்களுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் இல்லை.

போனவர்கள் மீதும் எனக்கு வருத்தம் இல்லை. இதே பேட்ச்சில் சேர்ந்த குவார்ட்டர்பேக் (அணியின் தாக்குதலை நடத்திப் பந்தெறிபவர்) கைல் மெக்கார்ட், 2023 டிசம்பரில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அடுத்த பருவத்தில் நாட்டிலேயே மிக அதிக தூரம் பந்தெறிந்த கல்லூரி வீரர் ஆனார். அவரோடு ஒரே பள்ளியில் படித்து வந்த மார்வின் ஹாரிசன் ஜூனியர், மூன்றாண்டு ஆடிவிட்டு 2024 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நான்காவது ஆளாகத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். இருவருக்கும் அது சரியான முடிவு. அந்த ஆண்டே சேர்ந்த இன்னொரு குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸ் சில மாதங்களே இருந்துவிட்டு, 2021 டிசம்பரில் தன் சொந்த மாநிலத்தின் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். அவர் இங்கிருந்தபோது அறைத்தோழராக இருந்தவர் ஜாக் சாயர்.

எஞ்சியவர்களின் கதைதான் உங்கள் கவனத்துக்கு உரியது. மிச்சிகனோடு ஆடும் ஆட்டம் இந்த ஊருக்கு என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ் வாசகருக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். மிச்சிகனை வென்றால், அந்த ஆண்டு அணியில் இருந்த ஒவ்வொருவருக்கும் விரல் நுனி அளவில் தங்க நிறக் காற்சட்டை வடிவத்தில் ஒரு சிறு பதக்கம் தருவார்கள். 1934இல் தொடங்கிய வழக்கம். எண்பது வயதைத் தாண்டிய முன்னாள் வீரர்கள் வீட்டில் அதைப் பேழைக்குள் வைத்துக் காப்பார்கள். மனைவியின் கழுத்துச் சங்கிலியில் கோத்துக் கொடுத்தவர்களும் உண்டு. இந்த பேட்ச் 2021இல் 42-27 என்றும், 2022இல் 45-23 என்றும், 2023இல் 30-24 என்றும் தொடர்ந்து மூன்று முறை மிச்சிகனிடம் தோற்றது. மூன்றாம் தோல்விக்குப் பின், டிசம்பர் 29 அன்று காட்டன் பவுல் என்னும் பருவ இறுதி ஆட்டத்தில் மிசௌரியிடம் 14-3 என்று தோற்றது. அந்த இரவில் இவர்களில் பலருக்கு தொழில்முறை அணிகளின் கதவு திறந்தே இருந்தது. வேறு கல்லூரிகளும் கூப்பிட்டிருக்கும்.

2024 ஜனவரியின் முதல் சில வாரங்களில் ஒருவர் பின் ஒருவராக இருக்கிறோம் என்று அறிவித்தார்கள். சாயர், டுய்மோலோவாவ், வில்லியம்ஸ், எக்புகா, ஹென்டர்சன், ஜாக்சன், பர்க், ஹான்காக். எட்டுப் பேர். என் மகள் தொலைபேசியில் ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டியது நினைவிருக்கிறது. அடுத்த பெயர் வருவதற்குள் அவள் குரலில் ஒரு நடுக்கம் வரும்.

அவர்கள் பணத்துக்காக இருந்தார்களா, பாசத்துக்காக இருந்தார்களா என்று அப்போது பலர் வாதிட்டார்கள். எனக்கு அந்த வாதமே தவறாகப் படுகிறது. அந்த ஆண்டு ஒஹாயோ ஸ்டேட் அணியில் இருந்தவர்களுக்குப் பல வழிகளில் சுமார் 20 மில்லியன் டாலர் போய்ச் சேர்ந்ததைப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார். பழைய விதிகள் இருந்திருந்தால், குடும்பத்தின் நிலையை நினைத்தே பாதிப் பேர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருப்பார்கள். பணம் வந்ததால் இருப்பது சாத்தியமானது. இருக்க வேண்டும் என்ற எண்ணம் முன்பே இருந்தது. பணத்துக்கும் தோழமைக்கும் பகை உண்டு என்று வைத்துக்கொண்டு விதி எழுதுபவர்கள் இந்த எட்டுப் பேரையும் ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த அணியில் பிற கல்லூரிகளிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்தும், காலெப் டவுன்ஸ் அலபாமாவிலிருந்தும், ரன்னிங் பேக் குவின்ஷான் ஜட்கின்ஸ் ஓல் மிஸ்ஸிலிருந்தும் வந்தவர்கள். வந்தவர்கள் இல்லாமல் அந்த அணி வென்றிருக்காது. வந்தவர்கள் ஒட்டிக்கொள்ள ஏற்கெனவே அங்கு ஒரு குடும்பம் இருந்தது என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். ஹென்டர்சனைப் பாருங்கள். பந்தைத் தூக்கி ஓடும் வேலை முழுவதும் தனக்கே கிடைக்கும் என்று நினைத்துத் திரும்பியிருக்கக் கூடியவர். ஜட்கின்ஸ் வந்ததும் அந்த வேலையைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டார். பருவ முடிவில் இருவரும் தனித்தனியே ஆயிரம் கெஜத்தைத் தாண்டியிருந்தார்கள். பந்து தன் கையில் இல்லாத ஆட்டங்களில் ஹென்டர்சன் என்ன செய்தார் என்பதை நான் அரங்கின் மேல்தளத்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். தன்னைவிட இருபது முப்பது கிலோ கூடுதலான ஆள் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருகையில், முழங்காலை மடித்துத் தோளைத் தாழ்த்தி, நேராகப் போய் மோதி நிறுத்துவார். தொலைக்காட்சி அந்த நேரத்தில் பந்தின் பின்னே போயிருக்கும்.

டானவன் ஜாக்சன், குவார்ட்டர்பேக்குக்குக் காவல் நிற்கும் வரிசையில், மூன்று பருவங்களாக கார்டு என்ற உள் இடத்தில் ஆடியவர். அக்டோபரில் ஆரிகனில் நடந்த ஆட்டத்தில் அதே வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் முழங்கால் அடிபட்டு அந்தப் பருவத்தையே இழந்தார். அடுத்து வந்தவருக்கும் காயம். டிராஃப்டுக்கு ஆறு மாதமே இருக்கையில், பழக்கமில்லாத அந்த இடத்துக்கு ஜாக்சன் போய் நின்றார். தன் பெயரின் மதிப்பைப் பணயம் வைத்துத்தான் போனார். எண்களும் ஒப்பந்தங்களும் மட்டுமே பேசும் எந்தத் தாளிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

நவம்பர் 30 அன்று மிச்சிகனிடம் நான்காவது முறையாகவும் தோற்றார்கள். 13-10. சொந்த அரங்கில், எல்லோரும் எளிதில் வெல்வார்கள் என்று எண்ணிய ஆட்டம். அந்தச் சிறு தங்கப் பதக்கம் ஒன்றுகூட இல்லாமலே இந்த பேட்ச் கல்லூரியை முடித்தது. அன்று மாலை அரங்கத்திலிருந்து ஓலென்டாங்கி ஆற்றுப் பாலத்தின் மேல் நடந்து வந்தோம். பல்லாயிரம் பேர் நடந்தோம். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. மகள் பேசவே இல்லை. வண்டியில் ஏறிய பிறகு, "இத்தனைக்கும் இருந்தாங்களே அப்பா" என்றாள்.

மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 21, உறைய வைக்கும் குளிரில் டென்னசியோடு, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபின் முதல் சுற்று. பன்னிரண்டு அணிகள் ஆடும் முறை வந்த முதல் ஆண்டு அது. கல்லூரி வளாகங்களிலேயே பிளேஆஃப் ஆட்டங்கள் நடந்ததும் அந்த ஆண்டுதான் முதன்முறை. மிச்சிகன் தோல்விக்குப் பின் மூத்த வீரர்கள் கூடிப் பேசி மனத்திலிருந்ததைக் கொட்டித் தீர்த்தார்கள் என்று செய்தி வந்திருந்தது. அன்று 42-17 என்று வென்றார்கள். அடுத்து காலிறுதியான ரோஸ் பவுலில், அக்டோபரில் தங்களை ஒரு புள்ளியில் வென்றிருந்த ஆரிகனை 41-21 என்று வென்றார்கள்.

பிறகு ஜனவரி 10, டெக்சஸோடு அரையிறுதி. ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்குச் சற்றே மேல் இருந்தது. ஒஹாயோ ஸ்டேட் 21-14 என்று முன்னிலை. டெக்சஸ் கோல் கோட்டுக்கு எட்டுக் கெஜ தூரத்தில், நான்காவது, கடைசி வாய்ப்போடு நின்றது. பந்தைக் கையில் வாங்கியவர் க்வின் யூவர்ஸ். பக்கவாட்டிலிருந்து சுற்றி வந்து அவர் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டவர் ஜாக் சாயர், மூன்றாண்டுக்கு முன் அதே யூவர்ஸோடு ஓர் அறையில் படுத்திருந்தவர். உதிர்ந்த பந்தைத் தானே எடுத்து 83 கெஜம் ஓடி எதிர்க் கோட்டைத் தாண்டினார். கடைசி முப்பது கெஜம் அவர் கால்கள் கனத்துவிட்டிருந்ததை நாங்கள் வீட்டுத் திரையில் பார்த்தோம். ஆனால் அவர் இருபுறமும் சொந்த அணியினர் காவலாக ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ர டேமை 34-23 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றார்கள்.

அந்த ஏப்ரலில் ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து 14 பேர் தொழில்முறை அணிகளுக்குத் தேர்வானார்கள். அதில் எட்டுப் பேர் 2021 பேட்ச். எக்புகா, ஜாக்சன், வில்லியம்ஸ் மூவரும் முதல் சுற்றிலேயே போனார்கள். நான்காண்டு இருந்தவர்களுக்கு இருந்ததால் நட்டம் வரவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். மிச்சிகன் 2023 பருவத்தில் பட்டம் வென்றதும் இதே மாதிரி, போகக் கூடியவர்கள் பலர் போகாமல் இருந்ததால்தான். பகையூர் என்றாலும் உண்மை உண்மைதான்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியவற்றுக்கு வருகிறேன்.

முதலில் நாட்காட்டி. வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2024 டிசம்பரில் 9ஆம் தேதி முதல் 28ஆம் தேதி வரை திறந்திருந்தது. பிளேஆஃப் முதல் சுற்று 20, 21 தேதிகளில் நடந்தது. பென் ஸ்டேட் அணியின் மாற்றுக் குவார்ட்டர்பேக், தன் அணி முதல் பிளேஆஃப் ஆட்டத்தை ஆடுவதற்கு முன்பே வெளியேற வேண்டி வந்ததை நாடே பார்த்தது. பிளேஆஃப் ஆடும் அணியினருக்குக் கடைசி ஆட்டத்துக்குப் பின் கூடுதலாக ஐந்து நாள் கொடுத்திருக்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். அது பேருந்து நிரம்பிப் புறப்பட்ட பிறகு பயணச்சீட்டு கொடுப்பதைப் போன்றது. பிற கல்லூரிகள் அதற்குள் தங்களுக்கு வேண்டிய குவார்ட்டர்பேக்கை எடுத்து முடித்திருக்கும். பல ஆண்டு ஒன்றாகப் பயிற்சி செய்த தோழர்களோடு வாழ்நாளின் பெரிய ஆட்டத்தில் நிற்பதா, தன் எதிர்காலத்தைப் பார்ப்பதா என்று இருபத்தொரு வயதுப் பிள்ளையை நிற்க வைத்தது ஒரு தேதி. அந்தத் தேதியைக் குறித்தவர்கள் பெரியவர்கள்.

இப்போது நீங்கள் அதை ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, 2026 ஜனவரி 2 முதல் 16 வரை என்று மாற்றியிருக்கிறீர்கள். ஏப்ரல் வாசலை மூடியிருக்கிறீர்கள். இதற்காக உங்களுக்கு மனமார்ந்த நன்றி. ஆனாலும் அந்த 2026 அட்டவணையில் அரையிறுதிகள் அதே இரு வாரங்களுக்குள்ளேயே, இறுதி ஆட்டம் 19ஆம் தேதி. இருக்கும் சிறந்த நான்கு அணிகளுக்குச் சிக்கல் அப்படியே நிற்கிறது. கல்லூரிகளில் வசந்தப் பருவ வகுப்புகள் ஜனவரி தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுவதால் வாசலை மேலும் தள்ள இயலாது என்பது நியாயமான பதில். அப்படியானால் பிளேஆஃபைத்தான் முன்னுக்கு இழுக்க வேண்டும். பிளேஆஃபை நடத்துவது நீங்கள் இல்லை, கான்ஃபரன்ஸ்கள் எனப்படும் கல்லூரிக் கூட்டணிகளும் நோட்ர டேமும் என்று அறிவேன். அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து, கடைசி ஆட்டம் முடிந்த பிறகே எந்த வீரருக்கும் எந்தக் கல்லூரிக்கும் வாசல் திறக்கும் என்ற ஒரே நாட்காட்டியைக் கொண்டுவரும் பொறுப்பை உங்களைத் தவிர வேறு யார் எடுப்பார்கள்?

அடுத்தது அணியின் அளவு. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, வீரர்கள் உங்கள் சங்கத்தின் மேல் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்படிக்கையால், பல்கலைக்கழகங்கள் முதலாண்டில் 20.5 மில்லியன் டாலர் வரை வீரர்களோடு நேரடியாகப் பகிர்ந்துகொள்ளலாம். பல ஆண்டு வஞ்சிக்கப்பட்ட முன்னாள் வீரர்களுக்கும் சுமார் 2.8 பில்லியன் டாலர் பத்தாண்டுகளில் போய்ச் சேரும். இரண்டும் நன்று. அதே உடன்படிக்கைதான் கால்பந்து அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பையும் கொண்டுவந்தது. இதில் அடிபடுபவர்கள் உதவித்தொகை இல்லாமல், தங்கள் கல்விக் கட்டணத்தைத் தாங்களே கட்டிக்கொண்டு அணியில் சேரும் வாக்-ஆன் மாணவர்கள். பெரும்பாலான ஆட்டங்களில் அவர்கள் களம் இறங்க மாட்டார்கள். வாரம் முழுக்க எதிரணியின் ஆட்டத்தை நடித்துக் காட்டி, முதல் அணியின் அடியை வாங்குவார்கள். ஒரு பேட்ச்சின் கதையில் நட்சத்திர வீரர்களின் பெயர்களே அச்சில் வருகின்றன. நானும் மேலே அவர்களையே எழுதினேன். ஆனால் அந்த எட்டுப் பேரும் நான்காண்டு தினமும் யாரோடு மோதிப் பழகினார்களோ அவர்களும் அந்த பேட்ச்தான்.

அந்த வரம்பால் திடீரென்று வெளியேற்றப்பட்டவர்களை எண்ணி நீதிபதி வில்கன் ஒப்புதலை நிறுத்தி வைத்தார். அதன் பிறகே, ஏற்கெனவே அணிகளில் இருந்தவர்களுக்கு விலக்கு சேர்க்கப்பட்டது. ஆனால் அது அவர்களோடு முடிந்துவிடும். மீண்டும் எடுத்துக்கொள்வதா என்பதும் கல்லூரியின் விருப்பம். இனி வரும் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. என் வேண்டுகோள் இதுதான்: உதவித்தொகை இல்லாமல் ஓர் அணியில் இரண்டு பருவங்களை முடித்த மாணவர் அதே கல்லூரியில் இருக்கும்வரை 105 என்ற எண்ணில் சேர்க்கப்படக் கூடாது. நீதிமன்ற உடன்படிக்கையின் பகுதியானதால் உங்களால் தனியே மாற்ற இயலாது. வீரர்கள் தரப்பு வழக்கறிஞர்களோடு பேசி, நீதிபதியின் முன் திருத்தம் கோர இயலும். அவர்கள் மறுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவதுதான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது, அதற்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை. ஒரு பேட்ச் என்ன ஆனது என்பதைக் கணக்கெடுத்து வெளியிடுங்கள்.

இப்போது பட்டம் பெற்றவர்களை எண்ண இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. கூட்டரசின் கணக்கில், வேறு கல்லூரிக்கு மாறிப் போனவர் அங்கே பட்டம் பெற்றிருந்தாலும், முதலில் சேர்ந்த கல்லூரிக்கு அவர் பட்டம் பெறாதவர். அது அநியாயம் என்றுதான் நீங்கள் உங்கள் சொந்தப் பட்டமளிப்பு வெற்றி விகிதத்தை உருவாக்கினீர்கள். அதில், நல்ல படிப்பு நிலையோடு வெளியேறியவரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறீர்கள். வந்து சேர்ந்தவரை வந்த கல்லூரியில் சேர்த்துக்கொள்கிறீர்கள். ஒரு கணக்கில் போனவர் தோல்வி, மற்றதில் போனவர் இல்லவே இல்லை. இரண்டிலும் எவரும் பார்க்க முடியாத ஒன்று உண்டு. ஓர் ஆண்டில் இருபத்தைந்து பேரைச் சேர்த்த அணியில், அவர்களில் எத்தனை பேர் நான்காம் ஆண்டிலும் அங்கேயே இருந்தார்கள்? எத்தனை பேர் தாமே மாறினார்கள்? இருக்க விரும்பியும் இடமில்லை என்று எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டது? எத்தனை பேர், எந்தக் கல்லூரியிலாவது, கடைசியில் பட்டம் வாங்கினார்கள்? சேர்ந்த ஆண்டு வாரியாகவே நீங்கள் தரவு திரட்டுகிறீர்கள். ஆகவே இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை ஏற்கெனவே உங்கள் கோப்புகளில் இருக்கிறது.

இது ஏன் வேண்டும் என்பதை ஒரு தாயின் இடத்திலிருந்து பாருங்கள். பயிற்சியாளர் வீட்டுக்கு வருகிறார். கூடத்தில் அமர்ந்து காப்பி குடிக்கிறார். "இங்கே சேருபவர்கள் ஒரு குடும்பமாகிவிடுவார்கள் அம்மா" என்கிறார். அவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைச் சரிபார்க்க அந்தத் தாயிடம் எதுவும் இல்லை. பல பத்தாண்டுகளாக இருந்த தேசிய ஒப்புதல் கடிதத்தையும் 2024 அக்டோபரில் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். இப்போது நிதி உதவிக்கான எழுத்துப்பூர்வ உறுதியும், தனியே ஒரு வருவாய்ப் பகிர்வு ஒப்பந்தமும்தான் கையெழுத்தாகின்றன. இரண்டிலும் எவ்வளவு பணம், எத்தனை ஆண்டு என்று இருக்கும். தன் மகன் யாரோடு வளரப் போகிறான் என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் கையெழுத்திடும் முன், அந்தக் கல்லூரியின் முந்தைய ஐந்து பேட்ச்கள் என்ன ஆயின என்பதைக் காட்டும் ஒரு பக்கம் அவர் கையில் இருந்தால், அவர் சரியான கேள்விகளைக் கேட்பார். பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் காப்பாற்றும் பயிற்சியாளருக்கும் அதுவே சான்றாகும்.

2024 ஆகஸ்ட் முதல், முழு உதவித்தொகை பெற்றிருந்தவர் பத்தாண்டுக்குள் திரும்பி வந்து பட்டம் முடிக்க முதற்பிரிவுக் கல்லூரிகள் உதவ வேண்டும் என்றும், விளையாட்டில் பட்ட காயத்துக்குக் கல்லூரி விட்ட பிறகும் குறைந்தது இரண்டாண்டு மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்றும் நீங்கள் கொண்டுவந்த விதிகளை நான் நன்றியோடு படித்தேன். அவற்றை எழுதியவர்கள் இந்தப் பிள்ளைகளை எண்ணாகப் பார்க்கவில்லை. அதே மனத்தோடு இந்த மூன்றையும் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2025 மே மாதம் என் மகளின் பட்டமளிப்பு விழா அதே அரங்கில் நடந்தது. நாங்கள் வழக்கமாக அமரும் மேல்தளத்தில் இல்லாமல், கீழே, களத்துக்கு அருகே இடம் பிடித்தோம். சாயர் ஓடிய புல்தரை போன்ற ஒரு தரையில், கருப்பு அங்கியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வரிசை வரிசையாக அமர்ந்திருந்தார்கள். அவள் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த தோழியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். 2021 ஆகஸ்டில், முகக்கவசத்தோடு விடுதி அறைக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு போன முதல் நாளில் அந்த அறையில் இருந்த பெண் அவள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். முதற்பிரிவு நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை, குறைந்தது பேட்ச் வாரியான கணக்கையாவது, நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பணிவன்புடன்,
கொலம்பஸிலிருந்து ஒரு தந்தை